காற்றுப் புகாத வீட்டில் கணப்பு: வெளியிலிருந்து குழாய் போட்டால் புகை நிற்குமா?

கேள்வி இதுதான். புதிதாகக் கட்டிய வீடு, சன்னல் கதவெல்லாம் இறுக்கமாக மூடுபவை. வரவேற்பறையில் முன்பக்கம் திறந்த செங்கல் கணப்பு. தீ மூட்டினால் புகை அறைக்குள் வருகிறது, சன்னலை நாலு விரல் அளவு திறந்தால் நின்றுவிடுகிறது. வெளியிலிருந்து 100 மி.மீ. குழாய் ஒன்றைக் கணப்பின் பின்சுவருக்குக் கொண்டுவந்தால் சரியாகிவிடும் என்று கட்டியவர் சொல்கிறார். செய்யலாமா?

திறந்த கணப்பாகவே வைத்துக்கொண்டு அந்தக் குழாயைப் போட்டால் காசுதான் வீண். கேஸ்கெட் வைத்த கண்ணாடிக் கதவுள்ள எரியறையாக மாற்றி, குழாயை நேரடியாக அதில் இணைத்தால் அதே 100 மி.மீ. போதும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் கணக்கில் இருக்கிறது.

முக்கியமான சோதனையை நீங்களே செய்துவிட்டீர்கள். சன்னலைத் திறந்ததும் புகை நிற்கிறது என்றால் குறை காற்றுவரத்தில். திறந்தும் நிற்கவில்லை என்றால்தான் புகைபோக்கியின் உயரம், குறுக்களவு, அடைப்பு என்று தேடிப் போக வேண்டும். இந்தச் சோதனையைக் கணப்பு இருக்கும் தளத்திலேயே, காற்று அடிக்கும் பக்கத்துச் சன்னலில் செய்யுங்கள். மாடிச் சன்னலைத் திறந்தால் நிலைமை மோசமாகும். வீட்டின் வெதுவெதுப்பான காற்று மேல்வழியே வெளியேறி, கீழே கணப்பு மட்டத்தில் அழுத்தம் இன்னும் குறைந்துவிடும்.

புகைபோக்கி வழியே எவ்வளவு வெளியே போகிறதோ அவ்வளவு வீட்டுக்குள் வந்தாக வேண்டும். எண்ணெய் டின்னில் ஒரே ஓட்டை போட்டுக் கவிழ்த்தால் எண்ணெய் தயங்கித் தயங்கித்தான் விழும், இரண்டாவது ஓட்டை போட்டால்தான் சீராக ஊற்றும். பழைய வீடுகளில் சன்னல் இடுக்கும் கதவிடுக்கும்தான் அந்த இரண்டாவது ஓட்டையாக இருந்தன.

400 கன மீட்டர் கொள்ளளவுள்ள வீடு என்று வைத்துக்கொள்வோம். காற்றுக்கசிவுச் சோதனையில் 50 பாஸ்கல் அழுத்தத்தில் மணிக்கு 10 தடவை காற்று மாறும் பழைய வீடு என்றால், கசிவு மணிக்கு 4000 கன மீட்டர். அதே வீட்டில் அழுத்த வித்தியாசம் வெறும் 4 பாஸ்கலாக இருக்கும்போதும் இடுக்குகள் வழியே சுமார் 775 கன மீட்டர் வரும். மிகக் குறைந்த ஆற்றலில் இயங்கும் வீடுகளுக்கான பாஸிவ் ஹவுஸ் தரத்துக்கு, அதாவது 50 பாஸ்கலில் 0.6 தடவை என்ற அளவுக்கு இறுக்கிய வீட்டிலோ 4 பாஸ்கலில் 46 கன மீட்டர்தான் வரும். இப்போது கணப்பின் தேவையைப் பாருங்கள். வாய் 80 செ.மீ. அகலம், 70 செ.மீ. உயரம் என்றால் பரப்பு 0.56 சதுர மீட்டர். திறந்த கணப்புக்கு வாயின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் மணிக்குக் குறைந்தது 360 கன மீட்டர் காற்று கிடைக்க வேண்டும் என்பது ஜெர்மனியின் மாதிரி எரியமைப்பு விதி. அதன்படி 200 கன மீட்டர். புகை வாய் வழியே வழியாமல் இருக்க, அறைக்காற்று நொடிக்கு 20 செ.மீ. வேகத்திலாவது உள்ளே போக வேண்டும் என்று கணக்கிட்டால் 400 கன மீட்டர். கிடைப்பது 46, கேட்பது 400.

சரி, அந்த 4 பாஸ்கலை ஏன் பிடித்துக்கொண்டு நிற்கிறோம்? புகைபோக்கியின் இழுவையே சிறியது என்பதால்தான். 5 மீட்டர் உயரம், உள்ளே புகையின் சராசரி வெப்பம் 200 பாகை செல்சியஸ், வெளியே 0 பாகை என்றால் இழுவை சுமார் 27 பாஸ்கல். திறந்த கணப்பில் அறைக்காற்று ஏராளமாகக் கலந்து புகையைக் குளிர்வித்துவிடும். 90 பாகை என்று வைத்தால் 16 பாஸ்கல்தான் மிஞ்சும். தீ மூட்டும்போதும் தணலாகி அணையும்போதும் அதுவும் இல்லை. இந்தச் சொற்ப இழுவையை வைத்துக்கொண்டுதான் குழாயின் தடையையும் வீட்டின் எதிரிழுப்பையும் வெல்ல வேண்டும்.

கட்டியவர் சொன்ன 100 மி.மீ. குழாயில் மணிக்கு 200 கன மீட்டரை இழுத்தால், காற்றின் வேகம் நொடிக்கு 7 மீட்டர். வலை, இரண்டு எல்போ, மூன்று மீட்டர் நீளம் எல்லாம் சேர்த்தால் 90 பாஸ்கல் வரை தடை வரும். இருப்பது 16. 400 கன மீட்டருக்கு 200 மி.மீ. குழாய் போட்டாலும் தடை 20 பாஸ்கலைத் தாண்டும். 250 மி.மீ. போட்டால் 9 பாஸ்கல் அளவுக்கு இறங்கும், ஆனால் அப்போது வரவேற்பறையில் கால் மீட்டர் அகலத்துக்குக் குளிர்காற்று கொட்டும் ஓட்டை ஒன்று இருக்கும். இவ்வளவு செலவழித்து வீட்டை இறுக்கியது எதற்கு?

இன்னொன்று பலர் கவனிப்பதில்லை. புகையை வாய்க்கு உள்ளேயே பிடித்துவைப்பது, முன்பக்கமிருந்து உள்ளே போகும் அறைக்காற்றின் ஓட்டம். பின்சுவரில் கொண்டுவந்து விடும் காற்று தீயைத் தொட்டும் தொடாமலும் நேராகப் புகைபோக்கியில் ஏறிவிடும். வாயில் காற்றோட்டம் அதனால் அதிகரிக்காது. வெளியே காற்று பலமாக வீசினால் அந்தத் துளை சாம்பலையும் புகையையும் அறைக்குள் தள்ளும்.

விதியில் குறைந்த அளவு போட்டிருக்கிறதே என்று கேட்பார்கள். அமெரிக்கக் குடியிருப்பு விதித்தொகுப்பான ஐ.ஆர்.சி., கணப்பின் வெளிக்காற்று வழிக்குக் குறைந்தது 6 சதுர அங்குலம், அதிகபட்சம் 55 சதுர அங்குலம் என்கிறது. 6 சதுர அங்குலம் என்பது 70 மி.மீ. குழாய். அதற்குக் கீழே போகக் கூடாது என்பதுதான் அதன் பொருள், உங்கள் கணப்புக்கு அது போதும் என்பதல்ல. இங்கிலாந்தின் கட்டட விதி வழிகாட்டியான அப்ரூவ்ட் டாக்குமென்ட் ஜே இன்னும் தாராளம்: தொண்டை (வாய்க்கு மேலே புகைவழி குறுகும் இடம்) இல்லாத திறந்த கணப்புக்குப் புகைக்குழாயின் குறுக்குப் பரப்பில் பாதி அளவுக்கு, மூடவே முடியாத காற்றுவழி வேண்டும். 225 மி.மீ. புகைக்குழாய் என்றால் 200 சதுர செ.மீ.

எரியறையை மூடிவிட்டால் கணக்கு தலைகீழாகும். மணிக்கு 2 கிலோ விறகு எரியும் மூடிய ஸ்டவ்வோ, கணப்புக்குள் பொருத்தும் மூடிய இன்செர்ட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோ உலர்ந்த விறகு முழுதாக எரிய ஏறக்குறைய 5 கன மீட்டர் காற்று, உபரியும் சேர்த்து 10 என்று வைக்கலாம். மணிக்கு 20 முதல் 25 கன மீட்டர். அதே 100 மி.மீ. குழாயில் வேகம் நொடிக்கு ஒரு மீட்டருக்கும் குறைவு, தடை 2 பாஸ்கல் அளவு. கதவை மூடியதால் புகையும் சூடாகவே இருக்கும், 27 பாஸ்கல் இழுவையும் கிடைக்கும். அப்ரூவ்ட் டாக்குமென்ட் ஜே இங்கேயும் இறுக்கமான வீட்டைத் தனியாகப் பார்க்கிறது. 50 பாஸ்கலில் கசிவு ஒரு சதுர மீட்டர் வெளிப்பரப்புக்கு மணிக்கு 5 கன மீட்டருக்கு மேற்படாத வீட்டில், ஸ்டவ்வின் ஒவ்வொரு கிலோவாட்டுக்கும் 550 சதுர மி.மீ. காற்றுவழி வேண்டும். அதைவிடக் கசிவு கூடிய வீட்டில் முதல் 5 கிலோவாட்டுக்கு விலக்கு உண்டு.

ஸ்டவ் வாங்கும்போது ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. பின்னாலோ அடியிலோ குழாய் மாட்டும் காலர் இருந்தாலே வெளிக்காற்று ஸ்டவ் என்று விற்பார்கள். பல மாடல்களில் கீழ்க்காற்று மட்டும் அந்தக் காலர் வழியாக வரும். கண்ணாடியைக் கழுவிக்கொண்டு இறங்கும் மேல்காற்றும், மேலே புகையை எரிக்கும் இரண்டாம் காற்றும் அறையிலிருந்தே எடுக்கப்படும். எல்லாக் காற்றும் அந்த ஒரே காலர் வழியாகத்தான் வருகிறது என்று உற்பத்தியாளரின் கையேட்டில் எழுதியிருக்க வேண்டும். எழுதியில்லை என்றால் அதை அறைக்காற்று ஸ்டவ்வாகவே கருதுங்கள். கதவுக் கேஸ்கெட்டையும் பாருங்கள். கதவிடுக்கில் ஒரு தாள் துண்டை வைத்து மூடி இழுத்தால் வரக் கூடாது. நான்கு பக்கமும் சோதியுங்கள், கீல் பக்கத்தை யாரும் பார்ப்பதில்லை.

குழாய் வேலைக்கு வருவோம். உள்சுவர் வழவழப்பான உலோகக் குழாயே நல்லது. நெளிகுழாய் போட்டே ஆக வேண்டுமென்றால் முழுதாக இழுத்து நீட்டிப் போடுங்கள், சுருங்கிக் கிடந்தால் தடை பல மடங்காகும். நீளம் 3 மீட்டரைத் தாண்டினாலோ இரண்டு எல்போவுக்கு மேல் வந்தாலோ ஒரு அளவு கூட்டி 125 மி.மீ. போட்டுவிடுங்கள், காலரில் மட்டும் குறைத்துக்கொள்ளலாம். மூட்டுகளை ஸ்க்ரூ போட்டு அலுமினிய டேப்பால் சுற்றுங்கள், துணி டேப் சில மாதங்களில் உரிந்துவிடும். பி.வி.சி. குழாயை ஸ்டவ்வுக்கு அருகில் கொண்டுவரவே கூடாது. 70, 80 பாகையிலேயே அது தொய்ந்துவிடும், சில நேரம் இந்தக் குழாயில் சூடான புகை பின்னோக்கி வரும் என்பதைக் கீழே பார்ப்போம். குழாய் எரியறையில் முடியும் இடத்திலிருந்து 5 அடி, அதாவது ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் தூரத்துக்கு, மரம் போன்ற எரியும் பொருள்களிலிருந்து 25 மி.மீ. இடைவெளி விடச் சொல்கிறது ஐ.ஆர்.சி.

வீட்டுக்குள் ஓடும் பகுதி முழுதையும் ஈரம் ஊடுருவாத மூடிய நுண்ணறை (closed-cell) ஃபோமால் சுற்றி, அதன் மூட்டுகளையும் ஒட்டுங்கள். 20 பாகை வெப்பமும் 50 சதவீத ஈரப்பதமும் உள்ள அறையில் 9 பாகைக்குக் கீழே போகும் எந்தப் பரப்பிலும் நீர் பூக்கும். சுற்றாத குழாய் குளிர்காலம் முழுக்கச் சொட்டிக்கொண்டிருக்கும், தரைப்பலகை கறுத்த பிறகுதான் தெரியவரும். குழாய் வெளிப்பக்கம் லேசாகச் சரிந்திருக்கட்டும். சுவரைத் துளைக்கும் இடத்தில் வீட்டின் காற்றுத்தடைப் படலத்தோடு குழாயைச் சுற்றிலும் ஒட்டிவிட வேண்டும். இதை விட்டுவிட்டால் காசு கொடுத்து இறுக்கிய வீட்டில் நீங்களே ஒரு ஓட்டை போட்டதாகிவிடும்.

வெளிவாயை எங்கே வைப்பது என்பதில்தான் அதிகம் தவறுகிறார்கள். கராஜிலிருந்து எடுக்காதீர்கள், வண்டிப் புகையும் பெட்ரோல் ஆவியும் வரும். மேல்மாடக் கூரைவெளியிலிருந்தும் கூடாது. எரியறையைவிட உயரத்தில் இருக்கும் காற்றுவழி இன்னொரு புகைபோக்கியாகிவிடும் என்பதால், வெளிவாய் எரியறைக்கு மேலே போகக் கூடாது என்று ஐ.ஆர்.சி. தடுக்கிறது. மூடிய தரையடி வெளியும் வேண்டாம், அங்கிருந்து ஈரமும் மண்ணிலிருந்து கசியும் ரேடான் வாயுவும் வரும். பனி குவியும் மட்டத்துக்கு மேலே, துணி உலர்த்தும் டிரையரின் வெளிவாய், பாய்லர் புகைக்குழாய் இவற்றிலிருந்து தள்ளி, கீழ்நோக்கிய மூடியோடு வையுங்கள். வலை கால் அங்குலக் கண்ணுள்ள, துருப்பிடிக்காத வலையாக இருக்கட்டும். கொசுவலை போட்டால் ஒரே பருவத்தில் தூசியும் பஞ்சும் அடைத்துக்கொள்ளும். வலையின் பரப்பு குழாயின் பரப்பைப்போல் ஒன்றரை மடங்காவது இருந்தால் நல்லது.

அடுத்தது காற்றின் திசை. நொடிக்கு 5 மீட்டர் காற்று மோதும் சுவரில் அதிகபட்சம் 15 பாஸ்கல் அழுத்தம் வரும், 10 மீட்டரில் 60. காற்று மறைவான பக்கத்தில் இது உறிஞ்சலாக மாறும், அளவு அதில் மூன்றிலொன்றிலிருந்து பாதி வரை. அதாவது 10 மீட்டர் காற்றில் 20 முதல் 30 பாஸ்கல். உங்கள் புகைபோக்கியின் இழுவையே 27 தான். குழாயின் வெளிவாய் மறைவான பக்கத்தில் இருந்தால், பலத்த காற்றில் ஓட்டம் திரும்பி, காற்று புகைபோக்கி வழியே இறங்கி, சூடான வாயு காற்றுக்குழாய் வழியே வெளியேறலாம். உலோகம், 25 மி.மீ. இடைவெளி, வெளிவாய்க்குக் கீழே சருகு குவியக் கூடாது என்பதெல்லாம் இதற்காகத்தான். உங்கள் ஊரில் குளிர்காலத்தில் எந்தப் பக்கமிருந்து அதிகம் காற்று அடிக்கிறதோ அந்தப் பக்கச் சுவரில் வெளிவாயை வைப்பது முதல் தீர்வு. எதிர்ப்பக்கமாக, காற்று நேராகக் குழாய்க்குள் அடித்துத் தீயைக் கிளப்பும் நாளும் உண்டு, கீழ்நோக்கிய மூடி அதைத் தணிக்கும். புகைக்குழாயைச் சுற்றியுள்ள வளைய வெளி வழியே உச்சியிலிருந்தே காற்றை இறக்கும் இரட்டைச்சுவர்ப் புகைபோக்கிகளும் உண்டு. உள்வரவும் வெளிப்போக்கும் ஒரே இடத்தில் இருப்பதால் காற்றின் விளைவு பெரும்பாலும் சமனாகிவிடும். சோதித்துச் சான்று பெற்ற தொகுப்பாகத்தான் அதை வாங்க வேண்டும், கொத்தனாரை வைத்து நாமே கட்டும் விஷயம் அல்ல.

குழாயில் இறுக்கமாக மூடும் டாம்பர் (காற்றுவழியை அடைக்கும் தகடு) ஒன்றை வெளிச்சுவருக்கு அருகில் வையுங்கள். ஸ்டவ் எரியாத நாளில் குளிர் உள்ளே வராமல் இருக்க அது வேண்டும். கைப்பிடியில் திறந்ததா மூடியதா என்பது அறையிலிருந்தே தெரிய வேண்டும். தணல் முழுதும் ஆறிய பிறகே மூடலாம். மின்சாரம் போனால் தானே மூடிக்கொள்ளும் மோட்டார் டாம்பர் வேண்டாம், மின்சாரம் போனால் திறந்துகொள்ளும் வகையே சரி.

இவ்வளவும் செய்த பிறகும் புகை வந்தால் சமையலறைக்குப் போங்கள். அடுப்புக்கு மேலே மணிக்கு 500 கன மீட்டர் இழுக்கும் ஹூட் இருக்கிறது என்றால், முன்பு சொன்ன பழைய வீட்டில் அது 2 பாஸ்கல் குறைவை உண்டாக்கும். 0.6 வீட்டில் அதே 500ஐ இழுக்க 150 பாஸ்கலுக்கு மேல் வேண்டும். ஹூட்டால் அவ்வளவு முடியாது, திணறும். ஆனால் திணறிக்கொண்டே பல பத்து பாஸ்கல் இழுத்துவிடும், எந்தப் புகைபோக்கியும் அதற்கு எதிரே நிற்காது. ஸ்டவ்வுக்கு நேரடிக் குழாய் இருந்தாலும், விறகு போடக் கதவைத் திறக்கும் அந்த அரை நிமிடம் அது திறந்த கணப்புதான். கரி வடிகட்டி வைத்து அறைக்குள்ளேயே காற்றைச் சுற்றவிடும் ஹூட்டுக்கு மாறலாம். அல்லது சன்னலில் ஸ்விட்ச் பொருத்தி, சன்னல் திறந்தால்தான் ஹூட் ஓடும்படி இணைக்கலாம். டிரையரும் வெளியே ஊதாத கண்டென்ஸர் வகையாக இருக்கட்டும். வெப்பம் மீட்கும் காற்றோட்டக் கருவி இருந்தால் அதன் வரவும் போக்கும் சமமாக அமைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். கடுங்குளிரில் உறைவைத் தவிர்க்க, சில கருவிகள் உள்வரவு ஃபேனை மட்டும் நிறுத்திவிடும், வெளியேற்றும் ஃபேன் ஓடிக்கொண்டிருக்கும். மற்ற நாளெல்லாம் ஒழுங்காக இருந்து உறைபனி இரவில் மட்டும் புகைகிறது என்ற புகாரில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

அளந்து பார்ப்பது கடினமில்லை. ஒரு பாஸ்கல் வித்தியாசத்தையும் காட்டும் டிஜிட்டல் மேனோமீட்டர் (அழுத்தமானி) போதும். காற்றில்லாத நாளில் மெல்லிய ரப்பர் குழாயைச் சன்னலிடுக்கு வழியே வெளியே விட்டுச் சன்னலை மூடுங்கள், குழாய் நசுங்காமல். கணப்பு அணைந்திருக்கட்டும், புகைபோக்கி டாம்பரும் மூடியிருக்கட்டும். முதலில் எல்லா ஃபேனையும் நிறுத்தி ஓர் அளவு எடுங்கள். பிறகு ஹூட், குளியலறை ஃபேன், டிரையர் எல்லாவற்றையும் முழு வேகத்தில் ஓட்டி, உள்கதவுகளைத் திறந்தும் மூடியும் அளவு எடுங்கள். முதல் அளவிலிருந்து அறை 4 பாஸ்கலுக்கு மேல் இறங்கினால் அந்த ஃபேன்களோடு சேர்த்து தீ மூட்டக் கூடாது. அறைக்காற்றில் எரியும் ஸ்டவ்களுக்கு ஜெர்மனியில் வைத்திருக்கும் எல்லையும் இந்த 4 பாஸ்கல்தான். மேனோமீட்டர் இல்லாவிட்டால், புகைபோக்கி டாம்பரைத் திறந்து எரியறை வாயில் ஊதுபத்தியைப் பிடித்துப் பாருங்கள். புகை உங்கள் பக்கம் வளைந்தால் புகைபோக்கி தலைகீழாக ஓடுகிறது.

ஃபேன் எதுவும் ஓடாமலே அப்படி வளைவதும் உண்டு. உள்ளே 20, வெளியே 0 பாகை என்றால் வீடே ஒரு மீட்டருக்கு 0.86 பாஸ்கல் வீதம் இழுக்கும் புகைபோக்கி மாதிரி வேலை செய்யும். இரண்டு மாடி வீட்டின் கீழ்த்தளத்தில் இரண்டு, இரண்டரை பாஸ்கல் குறைவு சாதாரணம். வெளிச்சுவரை ஒட்டிக் கட்டி, சில்லென்று கிடக்கும் புகைபோக்கிக்கு அதை வெல்லும் சக்தி இல்லை. வெப்பக்காப்பிட்ட லைனர், அதாவது உட்குழாய், இறக்குவது நிரந்தரத் தீர்வு. அதுவரை, மூட்டும் முன் எரியும் தாள் சுருளைப் புகைக்குழாய் வாயில் பிடித்து ஓட்டத்தைத் திருப்புங்கள். பெரிய விறகைக் கீழேயும் சுள்ளியை மேலேயும் அடுக்கி, மேலிருந்து பற்றவையுங்கள்.

விறகு சேர்க்கும்போது ஐந்து நிமிடம் முன்பே ஹூட்டை நிறுத்தி, ஸ்டவ்வின் காற்றுவழியை முழுதாகத் திறந்து, கதவை ஒரு விரல் அளவு திறந்து சில நொடி பொறுத்துப் பிறகு மெதுவாக முழுதும் திறங்கள். சுவாலை அடங்கித் தணலாக இருக்கும்போது போடுவதே நல்லது.

நேரடிக் குழாய் போட்ட பிறகு கண்ணாடி கறுக்கிறது, தீ சோம்பலாக எரிகிறது என்றால் பெரும்பாலும் வலை அடைப்பு, சிலந்திக்கூடு, பாதி மூடிய டாம்பர், அல்லது சிறிய குழாய். ஸ்டவ் ஆறியிருக்கும்போது காலரிலிருந்து குழாயைக் கழற்றிவிட்டு, ஒரு சன்னலைத் திறந்துவைத்து மூட்டிப் பாருங்கள். நன்றாக எரிந்தால் குற்றம் குழாயில். மாற்றமில்லை என்றால் விறகின் ஈரத்தைப் பாருங்கள், 20 சதவீதத்துக்கு மேல் இருந்தால் எந்தக் குழாயும் உதவாது.

கார்பன் மோனாக்சைடு அலாரம் இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம். ஆபத்தான நேரம் புகை தெரியும் நேரம் அல்ல. தணல் மட்டும் கிடக்கும் பின்னிரவில் புகைபோக்கி ஆறி இழுவை குறைந்திருக்கும், கண்ணுக்குப் புகை தெரியாது, தணலோ கார்பன் மோனாக்சைடை விட்டுக்கொண்டே இருக்கும். ஸ்டவ் இருக்கும் அறையிலேயே, கிடைமட்டமாக 1 முதல் 3 மீட்டர் தூரத்தில் அலாரத்தை மாட்டுங்கள். கூரையில் என்றால் சுவரிலிருந்து 30 செ.மீ. தள்ளி, சுவரில் என்றால் கதவு சன்னலின் மேல்விளிம்பைவிட உயரத்தில், கூரையிலிருந்து 15 செ.மீ. கீழே.